டெனிஸின் ஓட்டு

எனக்குப் படிவம் நிரப்புவது பிடிக்கும். இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, நித்யஸ்ரீ மேடம். தாலுகா அலுவலகத்தில் தேர்தல் பிரிவைப் பார்க்கிறவர், நீங்களும் காகிதத்தோடு புழங்குகிறவர்தானே. நீங்கள் கேட்டு எழுதுவதைவிட நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. என் கையெழுத்து புரியவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

என் பெயர் ஞானசௌந்தரி. வயது ஐம்பது. கிழக்கு தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். சேர்க்கைப் படிவங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. கணவர் டெனிஸ், ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்தாறு வயதில் கண் நரம்பு வாடி, இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. போன பிறகுதான் எங்கள் கல்யாணம். தெரிந்தே சம்மதித்தேன். சபையில் என்னைத் தியாகி என்று சொன்னார்கள். நானும் மறுத்துப் பேசியதில்லை. ஒரே மகள் ஜெரூஷா, சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இந்த வருடம்தான் சேர்ந்திருக்கிறாள்.

அவர் உங்களுக்கு அனுப்பிய மனுவைப் படிக்கக் கொடுத்தீர்கள். படித்தேன். அதில் என் பெயர் எங்கும் இல்லை, 'என் துணையாள்' என்று மட்டும் இருக்கிறது. பார்வையற்ற வாக்காளருக்கு உரிய பிரெயில் தாளை வாக்குச்சாவடி அதிகாரி நேராக அவர் கையில் கொடுக்க வேண்டும், உடன் வந்தவரைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது என்பதுதான் அவர் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. அதற்குக் காரணமாக அவர் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றித்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் அந்த வரி விளங்கும்.

பின்னால் இதைப் படிக்கப்போகிறவர்களுக்காக விதியை எழுதிவிடுகிறேன். கண் தெரியாதவர் ஓட்டுப் போட வரும்போது பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு மறைவிடம் வரை கூட்டிப் போகலாம். அவர் சொல்கிற பொத்தானைத் துணையாள் அழுத்துவார். அதற்கு முன் துணையாள் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இன்று வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை என்பது ஒன்று. இவர் சார்பில் போட்ட ஓட்டை யாரிடமும் சொல்லமாட்டேன் என்பது இன்னொன்று. 2001 முதல் 2022 வரை பதின்மூன்று தேர்தலில் அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெரிய தேர்தல், சின்னத் தேர்தல் எல்லாம் சேர்த்து. ஒரு தடவைகூடத் தேதியை விட்டதில்லை.

முதல் தடவை 2001 மே மாதம். கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல வெயில். வரிசையில் நிற்கும்போதே அவர் என் காதுக்குள் சின்னத்தைச் சொன்னார். "அந்தாளு பேச்சுல பொய் இல்ல, சௌந்தரி. நாலு கூட்டம் கேட்டுட்டேன். குரல்லயே தெரியுது." அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. கண் போன பிறகு அவர் அம்மாதான் துணைக்கு வந்துகொண்டிருந்தார், இப்போது மனைவி வந்திருக்கிறாள் என்று அதிகாரியிடம்கூடச் சொன்னார்.

நான் அந்த வேட்பாளரின் முகத்தைப் பார்த்திருந்தேன். மார்க்கெட் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. உதட்டோரம் ஒரு அலட்சியம். டெனிஸுக்குக் குரல்தான் தெரியும், முகம் தெரியாது. தெரிந்திருந்தால் அவரும் போட்டிருக்க மாட்டார் என்று எனக்குப் பட்டது. கண்ணுள்ளவள் கூடப் போவதே பார்த்துச் சொல்லத்தானே. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வேறொரு பொத்தானை அழுத்தினேன். பீப் என்று சத்தம் வந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே சத்தம்தான்.

"விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"விழுந்துச்சு," என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. திரும்பும் வழியில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் நெஞ்சு படபடப்பு இருந்தது. மறுநாள் சரியாகிவிட்டது.

அடுத்த தேர்தல் வந்தபோது யோசித்தேன். இந்தத் தடவை அவர் சொன்னதையே அழுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இரண்டாம் தடவை சரியாக அழுத்தினால் முதல் தடவை செய்தது தப்பு என்று ஆகிவிடும். அதனால் அப்போதும் வேறொன்றைத்தான் அழுத்தினேன். மூன்றாவது தடவை யோசிக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கட்சிக்காரியும் இல்லை. யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. வீட்டில் அவருக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. காலையில் பேப்பர் படித்துக் காட்டுவேன், ஒரு மணி நேரம். சில செய்திகளை விட்டுவிட்டுப் படிப்பேன், சிலவற்றைச் சுருக்கிப் படிப்பேன். யார் வீட்டிலும் பேப்பரை முழுசாகப் படிப்பதில்லை. அவருக்குக் கோபம் வரும் என்று தெரிந்த செய்திகளை அவர் காதில் போடுவானேன் என்றுதான்.

பிறகு மெஷினிலேயே பொத்தான்களின் ஓரம் தடவிப் பார்க்கிற எண்கள் வந்துவிட்டன. கண் தெரியாதவர் பிரெயில் தாளில் வேட்பாளர் பெயரைத் தடவிப் படித்து, அதே எண்ணைத் தேடித் தானே அழுத்தலாம். ஒரு தேர்தலில் எங்கள் வாக்குச்சாவடியில் வயதான ஆசிரியர் ஒருவர் அதிகாரியாக இருந்தார். டெனிஸுக்கு விரலில் மை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டடி முன்னால் வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, சாருக்கு பிரெயில் தெரியுமா? ஷீட் வந்திருக்கு, தரட்டுமா?"

"தெரியாதுங்க சார்," என்றேன். "கண்ணு நடுவுல போனது."

அவர் பாவம் என்று தலையாட்டிவிட்டுத் தாளை உறைக்குள் வைத்துவிட்டார். அந்த வருடங்களில் டெனிஸ் சனிக்கிழமைதோறும் எங்கள் சபைக் கூடத்தில் பதினோரு பேருக்கு பிரெயில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் யாரோ அவரிடம் மெஷினில் எண் இருக்கிறதாமே என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் வந்து கேட்டார். "நம்ம பூத்துக்கு வர்றது பழைய மெஷினுங்க," என்றேன். நம்பினார். அவர் நான் சொன்னதை நம்பாமல் இருந்ததே இல்லை. 

இதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் கேட்கப்போவதில்லை என்றாலும். ஒரு தேர்தலில் அவர் சொன்ன சின்னமும் என் மனதில் இருந்த சின்னமும் ஒன்றாகவே இருந்தன. அதுவரை அப்படி நேர்ந்ததில்லை. என் ஓட்டை அந்தச் சின்னத்துக்கே போட்டேன். பிறகு அவரோடு உள்ளே போய் அவருடைய ஓட்டை வேறொன்றில் அழுத்தினேன். ஏன் என்றால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கை பழகியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெரூஷாவுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது அவளுடைய அப்பாவின் போனில் எதையோ மாற்றிவிட்டாள். திரையில் இருப்பதை அதுவே வாசித்துக் காட்டும். ஒரு நாள் காலையில் நான் பேப்பரோடு வந்து உட்கார்ந்தால், அவர் காதில் போனை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எல்லாம் கேட்டுட்டேன் சௌந்தரி, நீ போய்ச் சமையலைப் பாரு," என்கிறார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அப்பாவும் மகளும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறு வருடம் தினமும் ஒரு மணி நேரம் வாசித்தவளை ஒரு காலையில் அனுப்பிவிட்டார்கள். முதல் துரோகம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, 2022 மாநகராட்சித் தேர்தல்.

எங்கள் வார்டில் மழைநீர்க் கால்வாய்க்கு மூடி போடாமல் மாதக்கணக்கில் விட்டிருந்தார்கள். ரயிலில் கடலை மிட்டாய் விற்கிற அவருடைய நண்பர் ஒருவர், அவருக்கும் பார்வை இல்லை, அதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். டெனிஸ் எங்கெங்கோ போன் செய்தார். அவர் வேலையே போன்தான், பேசத் தெரிந்தவர். பதில் வரவில்லை. அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கனகவல்லியிடம் புடவை வாங்கப் போயிருந்தேன். பெட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாக்கா, சாரு எலெக்‌ஷன்ல நிக்கிறாரு, நீ வாயே தொறக்கல?"

"எந்த சாரு?"

"நல்லா கேட்ட போ. உன் வூட்டு சாருதான். நேத்து மனு குடுத்தாச்சு. நாந்தான் முன்மொழிஞ்சு கையெழுத்து போட்டுகினு வந்தேன். உன்கிட்ட சொல்லலயா?"

புடவையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கையில் சூடு ஏறியதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வேட்புமனு என்பது படிவம், மேடம். எத்தனை பக்கம், எத்தனை கட்டம் என்று உங்களுக்குத் தெரியும். என் வீட்டில், என் கணவருக்கு, ஒரு படிவத்தைப் பள்ளிக்கூடம் போகிற மகளும் இஸ்திரிக்காரியும் சேர்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா வேணாம்னு சொல்லுவ."

"வேணாம்னுதான் சொல்லுவேன்."

"அதான் சொல்லல," என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்குக் கிடைத்த சின்னம் அலமாரி. வேட்பாளர்கள் பன்னிரண்டு பேர், சுயேச்சை என்பதால் இவர் பெயர் கடைசியில். தினமும் வேலை முடிந்து வந்து தெருத்தெருவாகப் போனார். அந்த நாட்கள் முழுக்க அவர் கை என் தோளில் இல்லை. கனகவல்லி தோளில் இருந்தது, ஜெரூஷா தோளில் இருந்தது, எனக்குப் பெயர்கூடத் தெரியாதவர்கள் தோளில் இருந்தது. "அண்ணா, இப்படி வாங்கண்ணா," என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் கூடப் போனேன். துண்டுச்சீட்டு கொடுத்தேன், தண்ணீர் பாட்டில் தூக்கினேன்.

வாக்குப்பதிவு அன்று காலையில் இருவரும் சேர்ந்து போனோம். அந்தத் தேர்தலுக்கு வார்டுகளையும் பூத்துகளையும் மாற்றிப் பிரித்திருந்தார்கள். எங்கள் தெருவைக் கொண்டுபோய்ப் புதிதாக வந்த அடுக்குமாடி வீடுகளோடு சேர்த்துவிட்டார்கள். கனகவல்லியும் டெனிஸின் சிநேகிதர்களும் பக்கத்து பூத்து. எங்கள் பூத்தில் எங்களை யாருக்கும் தெரியாது. ஜெரூஷாவுக்கு அப்போது ஓட்டு இல்லை. என் ஓட்டை முதலில் போட்டேன். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரோடு உள்ளே போனேன்.

எண்ணிக்கை அன்று கனகவல்லிதான் அவருடைய முகவராக உள்ளே உட்கார்ந்தாள். பூத் வாரியாக எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தாள். வார்டு முழுவதும் சேர்த்து அவருக்கு இருநூற்றுப் பதினாறு ஓட்டு. அவர் ஜெயிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை, இருநூறே பெரிய விஷயம். வாசலில் அவரைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். கனகவல்லி நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பூத்தாகப் படித்தாள். எங்கள் பூத் வந்ததும் நிறுத்தினாள்.

"இன்னாடி, படி," என்றார் ஒருவர்.

"ஒண்ணு," என்றாள். "நானும் மூணு வாட்டி கேட்டுட்டேன். ஒண்ணுதான் கீது."

 எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். கட்டின பெண்டாட்டியே போடவில்லை என்று அந்த இருபது முகத்திலும் எழுதியிருந்தது. 

 டெனிஸ்தான் சொன்னார். "அந்த ஒண்ணு சௌந்தரி போட்டது."

"அப்போ நீ யாருக்குண்ணா போட்ட?" என்று யாரோ கேட்டார்கள்.

அவர் புன்னகைத்தார். கூட்டம் சிரித்தது. சாயங்காலத்துக்குள் வார்டு வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் வந்துவிட்டது: தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளாத வேட்பாளர். ஜெயித்த ஸ்ரீரங்கன் சம்பிரதாயத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சால்வை போட்டார். "உங்க ஓட்டும் எனக்குத்தான்னு பேசிக்கிறாங்களே சார்," என்று வேடிக்கையாகக் கேட்டார். "விழுந்திருக்கலாம் ஸ்ரீரங்கன் சார், யாரு கண்டா," என்றார் டெனிஸ். மருத்துவமனையில்கூட அவருக்குப் போன் போட்டுக் கிண்டல் செய்தார்கள். அவர் வேலை போனை எடுப்பது. எடுக்காமல் இருக்க முடியாது.

எனக்கு அவர்மேல் அப்போது அன்பு பொங்கியது. என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். பொய் சொல்லத் தெரியாதவர் எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது பொய் இல்லை. அந்த ஒரு ஓட்டு என்னுடையதுதான். அன்று காலையில் பன்னிரண்டாவது பொத்தானை மனசாரத்தான் அழுத்தினேன். அவர் பெயரை அந்த மெஷினில் பார்த்தபோது கண்ணீர் வந்தது. என் ஓட்டு என்னுடையது, அதை என் கணவருக்குக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கழித்து, அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பன்னெண்டு," என்று என் காதில் சொன்னபோது, அவருடைய ஓட்டை வேறு பொத்தானில் அழுத்தினேன்.

ஜெயித்திருந்தால் அவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். கையெழுத்து வாங்க ஆயிரம் காகிதம் நீட்டியிருப்பார்கள். அவற்றை யார் படித்துக் காட்டுவது? எவனோ ஒருவன் எதையோ படித்துக் காட்டி ஏமாற்றியிருப்பான். கண் தெரியாத மனிதரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து அவரைக் காப்பாற்ற வேண்டிய கடமை எனக்கு இருந்தது. ஒரு ஓட்டால் எதுவும் மாறாது என்றும் தெரியும். இருந்தாலும் என் பங்குக்கு நான் செய்தேன்.

இரண்டு வருடம் கழித்து நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது அவருக்கு உடம்பு சரியில்லை என்றார். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. ஒரு தேர்தலையும் விடாதவர் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நான் மட்டும் போய்விட்டு வந்தேன். வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று வீட்டுக்கு வீடு படிவம் கொண்டுவந்தபோது மூன்று பேருடையதையும் நானே நிரப்பி வைத்தேன். அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. ஜெரூஷா வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட்டார். ஒரு பிழையும் இல்லை என்று அவள் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இந்தச் சட்டமன்றத் தேர்தலன்று ஏழு மணிக்கே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு குச்சியை எடுத்தார். நான் செருப்பு மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். வாக்குச்சாவடியில் அதிகாரி வழக்கம்போல என்னைப் பார்த்து, "துணைக்கு நீங்க வர்றீங்களா மேடம்?" என்று படிவத்தை நீட்டினார். நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

"வேணாங்க," என்றார் டெனிஸ். "பிரெயில் ஷீட்டை என் கையில குடுங்க. நானே போட்டுக்குறேன்."

தாளைத் தடவித் தடவிப் படித்தார். மறைவிடத்துக்குள் நான்கு நிமிடம் இருந்தார். வரிசையில் ஒருவர் சலித்துக்கொண்டார். சத்தம் வந்தது. பேனா என் கையிலேயே இருந்தது. அதிகாரி வந்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். "பிரெயில் எண் இருக்குன்னு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த வார்டு எலெக்‌ஷன்லயே தெரியும். மெஷின்ல சின்னம் ஒட்டறப்ப வேட்பாளரைக் கூப்பிடுவாங்க. தொட்டுப் பாக்க விட்டாங்க. எல்லா எண்ணும் இருந்துச்சு. பழைய மெஷினுதான், அதுலயே இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு என்னை உள்ள கூட்டிட்டுப் போனீங்க?"

"எனக்கு நானே போட்டுக்கற ஓட்டு. அது உன் கையால விழட்டும்னு ஆசைப்பட்டேன்."

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"மெஷின் மேசை மேல படுத்திருக்கும். பன்னெண்டுன்னா கடைசி, உன் கை நம்ம பக்கமா வரணும். உன் வளையல் எட்டிப்போயி அந்தக் கோடியில குலுங்குச்சு, சௌந்தரி. அப்பவே தெரிஞ்சிடுச்சு. அப்புறம் வீட்டுக்கு வந்து பழசையெல்லாம் நெனச்சுப் பார்த்தேன். எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்," என்றேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் ரொம்ப நேரம் குச்சியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நாலு வருஷமா ஏன் கேக்கல?" என்று நான்தான் கேட்டேன். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன்," என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்தது. ஒரு மனிதர் நான்கு வருடம் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, மனதுக்குள் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு ஒரு அடையாளம்கூடக் காட்டவில்லை.

அதற்கு மறுவாரம்தான் உங்களுக்கு மனு எழுதினார். அதிலுள்ள அந்த வரி: '2001 முதல் 2022 வரை என் பெயரில் பதிவான பதின்மூன்று வாக்குகளும் என்னுடையவை அல்ல.' அந்த வரி சரிதானா என்பது உங்கள் கேள்வி. சரிதான். பதின்மூன்று தேர்தலிலும் என் கணவர் டெனிஸ் சொன்ன பொத்தானை நான் அழுத்தவில்லை. யாரும் தூண்டவில்லை, மிரட்டவில்லை, தவறுதலாகவும் நடக்கவில்லை. சட்டப்படி இதற்கு என்ன உண்டோ அதை ஏற்றுக்கொள்கிறேன். எந்தெந்தப் பொத்தான் என்று மட்டும் கேட்காதீர்கள். வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த உறுதிமொழியை அவரிடம்கூட நான் மீறியதில்லை.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட முடியவில்லை. அன்று படியிலிருந்து எழுந்திருக்கும்போது கேட்டேன், இந்தத் தடவை யாருக்குப் போட்டீர்கள் என்று. சாதாரணமாகத்தான் கேட்டேன், மனைவி கேட்கிற மாதிரி.

"அது ரகசியம்," என்றார். குச்சியைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

இன்றுவரை சொல்லவில்லை. ஜெரூஷாவை விட்டுக் கேட்டும் பார்த்துவிட்டேன். இருபத்தைந்து வருடமாக அவர் மனதில் இருந்த ஒவ்வொரு சின்னமும் எனக்குத் தெரியும், முதல் முறையாக ஒன்று தெரியாமல் போய்விட்டது. நான் செய்ததைத் தப்பு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிற ஒருவரை நான் இனி எப்படி நம்புவது, மேடம்?